குளிரில் ஒடியும் பிசிறு

ஒரு புது ஓ-ரிங்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரல்களுக்கு இடையில் மெல்ல உருட்டிப் பாருங்கள். அந்தக் கறுப்பு வளையத்தின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். நகத்தால் வருடினால் தட்டுப்பட்டும் தட்டுப்படாமலும் இருக்கும். வார்ப்பு அச்சின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சந்தித்த இடம் அது. அச்சைத் திறந்து வளையத்தை வெளியே எடுத்த நேரத்தில், அந்தக் கோட்டை ஒட்டி ஒரு ரப்பர் சவ்வு நீட்டிக்கொண்டு இருந்திருக்கும். இப்போது அது இல்லை. யாரோ ஒருவர் கத்தரியால் வெட்டி எடுத்திருக்க வேண்டும், அல்லது ஓர் இயந்திரம் அதைக் கடுங்குளிரில் ஒடித்து எடுத்திருக்க வேண்டும்.

அந்தச் சவ்வைப் பட்டறைகளில் பிசிறு என்பார்கள். பிளாஷ் என்றும் சொல்வதுண்டு. அதை நீக்குவது கடைசி நேரச் சில்லறை வேலை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றலாம். ரப்பர், பிளாஸ்டிக் உதிரிபாகத் தொழிலில் இருப்பவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். ஓ-ரிங்கின் ஒரே வேலை, இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நசுங்கி உட்கார்ந்து, எண்ணெயோ காற்றோ கசியாமல் தடுப்பது. ஓரிடத்தில் பிசிறு மடங்கி உள்ளே மாட்டினால், அதன் இரு பக்கமும் நுண்ணிய இடைவெளி விழும். உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு அந்த வழி போதும். அதைவிட மோசமானது, பாகம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிசிறு பிய்ந்து விழுவது. பிரேக் எண்ணெயிலோ ஹைட்ராலிக் எண்ணெயிலோ மிதந்து போகும் ஒரு துணுக்கு, வால்வின் சிறு துளை ஒன்றில் போய் அடைத்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ 3601 என்ற ஓ-ரிங் தரநிலையின் மூன்றாம் பகுதி முழுக்க முழுக்க மேற்பரப்புக் குறைகளுக்கென்றே எழுதப்பட்டிருப்பதற்கு இதுதான் காரணம். எவ்வளவு பிசிறு மிச்சமிருக்கலாம் என்பதை அது மில்லிமீட்டரின் பின்னங்களில் வரையறுக்கிறது.

பிசிறு எங்கிருந்து வருகிறது? ரப்பர் வார்ப்பில் பழைய முறை, இன்றும் பரவலாக இருக்கும் முறை, அழுத்தி வார்ப்பது. பச்சை ரப்பர் கலவையை வெட்டி, சூடான எஃகு அச்சின் குழியில் வைத்து, மேல் அச்சை இறக்கி அழுத்துவார்கள். குழி முழுவதும் நிறைய வேண்டும் என்பதற்காகக் குழியின் கொள்ளளவைவிடச் சற்று அதிகமாகவே கலவையை வைப்பார்கள். குறைந்தால் பாகமே வீண். மிஞ்சிய கலவை எங்காவது போயாக வேண்டும்; அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டின் வழியாகப் பிதுங்கி வெளியே வரும். ஆகவே இந்த முறையில் பிசிறு என்பது தொழிலாளியின் தவறே அல்ல. அந்த முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஊசிமுறை வார்ப்பில், அதாவது இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில், கதை கொஞ்சம் வேறு. அங்கே மூடிய அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கோ சூடேறிய ரப்பரோ பேரழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. குழிக்குள் 300 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பாகத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், அச்சின் இரு பாதிகளையும் பிரித்துத் தள்ளும் விசை ஏறக்குறைய 30 டன். அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைப்பு சற்றே விட்டுக்கொடுத்தாலும், அச்சின் விளிம்பு தேய்ந்திருந்தாலும் இடைவெளி விழும். நைலான் உருகினால் தண்ணீராய் ஓடக்கூடியது. கிடைத்த சந்தில் எல்லாம் நுழையும். திரவச் சிலிக்கான் ரப்பர் இன்னும் ஒரு படி மேல். வெறும் 5 மைக்ரான் இடைவெளி கிடைத்தாலே அது கசிந்துவிடும். மனிதத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத சந்து அது. எந்த டூல்ரூம் கடைந்து கொடுத்த அச்சானாலும், லட்சக்கணக்கான முறை திறந்து மூடிய பிறகு அதன் விளிம்பு பழைய கூர்மையில் இருக்காது.

சாதாரணப் பிளாஸ்டிக்கின் மிச்சம் மீதியை அரைத்து மறுபடி உருக்கிவிடலாம். ரப்பருக்கு அந்த வசதி இல்லை. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த முறையில், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிய ரப்பரின் மூலக்கூறு இழைகளுக்கு நடுவே நிரந்தர இணைப்புகள் உண்டாகிவிடுகின்றன. பிறகு அதை உருக்க முடியாது. பிசிறாக வெளியேறியது பெரும்பாலும் குப்பைதான்.

கையால் வெட்டுவதுதான் தொன்றுதொட்டு வரும் வழி. வளைந்த சிறு கத்தரி, பிளேடு, மேசை விளக்கு, கூரிய கண் ஆகியவைதான் கருவிகள். பல சிறு ஆலைகளில் இன்றும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்யும் வேலை இது. பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும் இந்த வேலையில் ஒரு கொடுமை இருக்கிறது. ரப்பர் விட்டுக்கொடுக்கும் பொருள். பிளேடு பட்டதும் பிசிறு மடங்கி ஒதுங்கும். இழுத்துப் பிடித்து வெட்டினால், பாகத்தின் உடலும் சேர்ந்து இழுபட்டு வரும். விட்டதும் உடல் பின்வாங்க, வெட்டு ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் தெரியும். பள்ளம் விழுந்த வளையம் கசியும். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையங்களை, ஒரு நாளில் ஆயிரக்கணக்கில், இப்படிப் பிழையில்லாமல் வெட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனிதக் கண்ணுக்கும் கழுத்துக்கும் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பிரச்சினையின் வேர், ரப்பர் வளைகிறது என்பது. வளையாமல் இருந்தால் தட்டினாலே பிசிறு ஒடிந்துவிடும். குளிர் செய்வது அதைத்தான். அது எப்படி என்று பார்க்கும்போதுதான் இந்தச் சாதாரணத் தொழிற்சாலை வேலைக்குள் நல்ல இயற்பியல் ஒளிந்திருப்பது தெரிகிறது.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதை எல்லோரும் பார்த்திருப்போம். சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும் அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. தெளிவாக இருந்த எண்ணெய் வெள்ளையாகிறது. குளிரில் ரப்பர் விறைப்பது பெரும்பாலும் இந்த வகை உறைதல் அல்ல. ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட இழைகள். ஆங்காங்கே ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. இரண்டு கட்டுகளுக்கு இடையே உள்ள பகுதி, வெப்பத்தின் காரணமாக எந்நேரமும் முறுக்கிக்கொண்டும் நெளிந்துகொண்டும் இருக்கிறது. இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் இந்த ஓயாத அசைவினால்தான். வெப்பநிலை குறையக் குறைய அசைவு மந்தமாகிறது. ஒரு கட்டத்தில், சில டிகிரிகளுக்குள்ளேயே, இழைகளின் பெரிய அசைவுகள் நின்றுபோகின்றன. அடுக்கு ஒழுங்காகவில்லை, கலைந்து கிடந்தபடியே நின்றுவிடுகிறது. கண்ணாடியின் உள் அமைப்பும் இப்படிக் கலைந்து நின்றதுதான் என்பதால், இந்த வெப்பநிலைக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர்.

ரப்பருக்கு ரப்பர் இது மாறும். இயற்கை ரப்பருக்குச் சுமார் மைனஸ் 70 டிகிரி. எண்ணெய் படும் இடங்களில் பயன்படும் நைட்ரைல் ரப்பருக்கு, அதன் கலவையைப் பொறுத்து, பெரும்பாலும் மைனஸ் 20க்கும் மைனஸ் 40க்கும் இடையில். கடும் வெப்பத்தைத் தாங்கும் புளோரின் ரப்பருக்கு மைனஸ் 20ஐ ஒட்டி. சிலிக்கானுக்கு மட்டும் மைனஸ் 125 வரை போக வேண்டும். பிசிறு எடுக்கும் இயந்திரத்தை எந்தக் குளிரில் ஓட்டுவது என்பதை முதலில் தீர்மானிப்பது இந்த எண்தான்.

இதே இயல்பு உயிர்களைப் பலிவாங்கியதும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73ஆவது வினாடியில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அன்று ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த புளோரின் ரப்பர் ஓ-ரிங், அந்தக் குளிரில் கண்ணாடியாகிவிடவில்லை, ஆனால் மந்தமாகிவிட்டது. இணைப்பு விரிந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து அதனால் பழைய வடிவத்துக்குத் திரும்ப முடியவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டு ஒன்றைச் சிறு கிளாம்பில் நசுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது உடனே நிமிரவில்லை என்பதைக் கேமராக்களுக்கு முன்னால் காட்டினார். ரப்பரின் தன்மையைப் பேசும்போது வெப்பநிலையோடு காலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது அந்தக் காட்சியில் இருக்கிறது. இது பிசிறு விஷயத்திலும் வரும்.

சரி, குளிரில் பாகம் முழுவதும் விறைத்தால், தட்டும்போது பாகமும் சேர்ந்து உடையாதா? இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்கும் யாருக்கும் முதலில் எழும் கேள்வி இது. உடையாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது, குளிர் ஏறும் நேரம். ஒரு பொருளின் நடுப்பகுதி வரை குளிர் போய்ச் சேர எடுக்கும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். பிசிறின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், பாகத்தின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். தடிமன் 50 மடங்கு. நேரம் 2500 மடங்கு. ரப்பரின் வெப்பக் கடத்தலை வைத்துக் கணக்கிட்டால், பாகத்தின் நடுப்பகுதிக்குக் குளிர் எட்ட ஒரு நிமிட அளவு ஆகும். பிசிறுக்கு வினாடியின் சிறு பின்னம் போதும். நடைமுறையில், குளிர்ந்த வாயு மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்பதும் சேர்ந்துகொள்வதால் வித்தியாசம் இந்த அளவுக்கு இருக்காது. ஆனாலும் பந்தயத்தில் பிசிறு வெகுதூரம் முன்னால் போய்விடும். உடல் ரப்பராகவே இருக்கும்போது பிசிறு கண்ணாடியாகிவிட்டிருக்கும்.

இரண்டாவது, வலிமை. உடலும் விறைத்துவிட்டது என்றே வையுங்கள். ஒரு தகட்டை வளைத்து ஒடிக்கத் தேவையான விசையும் தடிமனின் வர்க்கத்தோடு கூடுகிறது. 50 மடங்கு தடித்த உடலை ஒடிக்க, அதே அகலத்துக்கு, 2500 மடங்கு விசை வேண்டும். போதாக்குறைக்கு, பிசிறு உடலோடு சேரும் வேர்ப்பகுதியில் திடீரென்று தடிமன் மாறுகிறது. அடி விழுந்தால் தகைவு முழுவதும் அந்தக் கோட்டில் குவியும். ஒடிய வேண்டிய இடத்திலேயே ஒடிவதற்கு இது பெரிய உதவி.

மூன்றாவது, அடியின் வேகம். மெல்ல இழுத்தால் மூலக்கூறு இழைகளுக்கு அசைந்து கொடுக்க அவகாசம் கிடைக்கிறது. பளிச்சென்று அடித்தால் அவகாசம் இல்லை. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்று மேலே இருக்கும் ரப்பர்கூட, வேகமான அடிக்குக் கண்ணாடி போலவே நடந்துகொள்ளும். ஃபைன்மன் காட்டிய அதே மந்தம்தான் இங்கே கைகொடுக்கிறது. ஆகவே குளிர் பாதி வேலை செய்தால், வேகம் மீதிப் பாதியைச் செய்கிறது.

ஆரம்ப நாட்களில் ரப்பர்ப் பாகங்களை உலர்பனியோடு சேர்த்து ஒரு பீப்பாயில் போட்டு உருட்டினார்கள். உலர்பனி என்பது மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் திட நிலைக் கார்பன் டை ஆக்சைடு. பாகங்கள் ஒன்றோடொன்று மோதி, வெளிப்பக்கப் பிசிறு உதிரும். துளைக்குள், பள்ளத்துக்குள், மரைக்குள் இருக்கும் பிசிறை அந்த மோதல் தொடாது. பின்னால் வந்த இயந்திரங்களில் குளிர்ச்சிக்குத் திரவ நைட்ரஜனும், அடிப்பதற்குச் சிறு மணிகளும் வந்தன. இன்றைக்கும் அடிப்படை அமைப்பு அதுவே.

இயந்திரத்தின் உள்ளே நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தடித்த காப்புச் சுவர் கொண்ட ஒரு பெட்டி. உள்ளே துளையிட்ட கூடை ஒன்று சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். சில கிலோ பாகங்களைக் கூடையில் கொட்டிக் கதவை மூடியதும், திரவ நைட்ரஜன் தெளிப்பானிலிருந்து சீறி வருகிறது. வெப்பநிலை உணரி, தேவையான குளிர் வந்ததும் வால்வை மூடும், ஏறினால் திறக்கும். கூடை மெதுவாகச் சுழன்று பாகங்களைப் புரட்டிக்கொண்டே இருக்கும். அப்போது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் ஒரு வீச்சுச் சக்கரம், சிறிய பாலிகார்பனேட் மணிகளைக் கூடைக்குள் வீசும். மணிகளின் அளவு அரை மில்லிமீட்டருக்குக் குறைவாகத் தொடங்கி 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கீழே விழும் மணிகளையும் பிசிறுத் தூளையும் அதிரும் சல்லடைகள் தனித்தனியாகப் பிரிக்க, மணிகள் மறுபடி சக்கரத்துக்குப் போகின்றன.

கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையை நோக்கி வழியும். பலர் அதை நைட்ரஜன் என்று நினைக்கிறார்கள். நைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டான மூடுபனி. பாகங்களைத் தட்டில் கொட்டினால் கலகலவென்று ஒலிக்கும். ரப்பர் இப்படி ஒலி எழுப்பும் என்று நம்பவே கடினமாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே பாகத்தை எடுத்துப் போட்டால் சத்தமில்லாமல் விழுந்து துள்ளும். நடந்த மாற்றம் வேதி மாற்றம் இல்லை. மூலக்கூறுகளின் அசைவு நின்றது, வெப்பம் ஏறியதும் தொடங்கியது, அவ்வளவே. இழைகளுக்கு நடுவே உள்ள இணைப்புகள் போட்டது போட்டபடி இருக்கின்றன. பாகத்தின் நீளமோ கடினத்தன்மையோ மாறுவதில்லை. வெளியே வந்ததும் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து, பிறகு தண்ணீராக உருகும். அதை உலர்த்தியாக வேண்டும். இயந்திரத்துக்குள் ஈரம் போனால் மணிகள் கட்டியாகி, சக்கரம் வீச மறுக்கும்.

மணிகளுக்குப் பாலிகார்பனேட்டைத் தேர்ந்ததில் ஓர் அழகு உண்டு. அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 147 டிகிரி. அப்படியென்றால் நம் அறையிலேயே அது கண்ணாடி நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் அது எளிதில் உடைவதில்லை. தலைக்கவச முகமூடிகளும் பாதுகாப்புக் கண்ணாடிகளும் அதில் செய்யப்படுகின்றன. இழைகளின் பெரிய அசைவுகள் நின்றுவிட்ட பிறகும், மூலக்கூறின் சிறு பகுதிகளின் அசைவு அதில் மைனஸ் 100 டிகிரி பக்கம் வரை தொடர்கிறது. அந்தச் சிற்றசைவுகள் அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே பிசிறை ஒடிக்கும் குளிரில், அடிக்கும் மணி ஒடியாமல் தாக்குப்பிடிக்கிறது. எஃகு மணியைப்போல் பாகத்தின் மேல் தழும்பும் விடுவதில்லை. கண்ணாடி நிலை வேறு, நொறுங்கும் தன்மை வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இயந்திரத்தை இயக்குபவர் கையில் ஐந்து விஷயங்கள் இருக்கின்றன: வெப்பநிலை, நேரம், சக்கரத்தின் வேகம், கூடையின் வேகம், மணியின் அளவு. குளிர் போதவில்லை என்றால் பிசிறு மடங்கித் தப்பிக்கும். குளிர் மிஞ்சினால், ஆயில் சீலின் மெல்லிய உதட்டைப் போன்ற முக்கியமான ஓரங்கள் சில்லுச் சில்லாகப் பெயரும். மணி பெரிதாக இருந்தால் துளைக்குள் நுழையாது; துளையின் அளவோடு ஒத்திருந்தால் நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பாகத்துக்கும், ஒவ்வொரு கலவைக்கும் ஓர் அமைப்பைச் சோதித்துக் கண்டு எழுதிவைக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் தானாக நடக்கும் வேலை என்று விற்பவர்கள் சொல்லலாம். அனுபவமுள்ள ஓர் இயக்குநர் இல்லாமல் இந்த இயந்திரத்தை வாங்குவது பணத்தை வீணாக்குவதுதான்.

இனி அந்த நைட்ரஜனைப் பற்றி. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் அதுதான். 1883இல் போலந்தின் கிராக்கவ் நகரில் வ்ரூப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி என்ற இரு அறிவியலாளர்கள் அதைத் திரவமாக்கிக் காட்டினார்கள். 1895இல் ஜெர்மனியின் கார்ல் ஃபொன் லிண்டே காற்றைத் தொழில் அளவில் திரவமாக்கும் வழியைக் கண்டார். திரவக் காற்றில் நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிக்கும். இந்த 13 டிகிரி வித்தியாசத்தை வைத்து வாலைவடித்து இரண்டையும் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ திரவ நைட்ரஜன் கொதித்து ஆவியாகும்போது சுமார் 199 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவி மைனஸ் 100 டிகிரி வரை சூடேறும்போது இன்னும் ஏறக்குறைய 100 கிலோஜூல். ஆவியை உடனே வெளியே விட்டுவிடாமல் பெட்டிக்குள் சுழலவிடும் வடிவமைப்பு, செலவழித்த குளிரில் மூன்றில் ஒரு பங்கை மீட்கிறது என்று இதற்குப் பொருள்.

பாகங்களை அப்படியே திரவத்தில் முக்கி எடுத்தால் என்ன? சூடான பரப்பைத் தொட்டதும் திரவம் கொதித்து, இடையில் ஓர் ஆவிப் படலம் உண்டாகும். அது வெப்பம் கடப்பதைத் தடுக்கும். 1756இல் ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் விவரித்த விளைவு இது. முக்குவதால் குளிரைக் கட்டுப்படுத்தவும் முடியாது; எல்லாம் மைனஸ் 196ஐ நோக்கி ஓடும். தெளித்து, வாயுவாக்கி, விசிறியால் சுழற்றுவதே நமக்கு வேண்டிய வெப்பநிலையில் நிறுத்த வசதியான வழி.

குளிர் எல்லாப் பிசிறுக்கும் மருந்தா என்றால் இல்லை. பேக்லைட் போன்ற, வெப்பத்தில் இறுகும் பிளாஸ்டிக்குகளின் பிசிறு அறை வெப்பநிலையிலேயே மொறுமொறுப்பானது. வால்நட் ஓட்டுத் துகள்களையோ ஏப்ரிகாட் கொட்டைத் துகள்களையோ பீய்ச்சியே அதை எடுத்துவிடுவார்கள். குளிர் தேவையே இல்லை. எதிர்த் துருவத்தில், மிக நீண்ட இழைகள் கொண்ட பாலிஎத்திலீன், டெஃப்லான் போன்றவை கடுங்குளிரிலும் தம் உறுதியைப் பெருமளவு விடுவதில்லை. அவற்றோடு போராடுவது கடினம். நைலான், பீக், பாலிகார்பனேட் போன்றவற்றில் வார்த்த சிறு மின் இணைப்பிகள், மருத்துவக் கருவிகளின் பாகங்கள் ஆகியவற்றில், நுண்துளைகளின் ஓரத்தில் நிற்கும் பிசிறுக்கு இது நல்ல வழி.

உலோகத்தோடு ஒட்டி வார்த்த ரப்பர்ப் பாகங்களில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வண்டிகளின் புஷ், என்ஜின் மவுண்ட் எல்லாம் இந்த வகை. 120 டிகிரி குளிரும்போது எஃகு 0.14 சதவீதம்தான் சுருங்கும். ரப்பர் ஒன்றரை சதவீதம், சில கலவைகளில் அதற்கும் மேலே சுருங்கும். இந்த வித்தியாசம் முழுவதையும் ஒட்டுப் பரப்பு தாங்க வேண்டும். பிசிறை எடுக்கப் போய் ஒட்டு விட்டுவிட்டால், அது வெளியே தெரியாது. வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

பிசிறின் தடிமனுக்கும் எல்லை உண்டு. தேய்ந்த அச்சிலிருந்து அரை மில்லிமீட்டர் தடிமனில் பிசிறு வந்தால், மேலே சொன்ன 2500 மடங்கு 100 மடங்காகச் சுருங்கிவிடும். உடலுக்கும் பிசிறுக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைந்து, ஒன்றைக் காத்து மற்றொன்றை ஒடிப்பது சிரமமாகும். ஒடிந்தாலும் வேரில் கரடு நிற்கும். இதனால்தான், குளிர் இயந்திரம் வந்துவிட்டதே என்று அச்சைப் பராமரிக்காமல் விடுவது முட்டாள்தனம் என்கிறேன். நல்ல அச்சு தரும் மெல்லிய, சீரான பிசிறைத்தான் குளிர் சுத்தமாக எடுக்கும். கெட்ட அச்சுக்கு அது பரிகாரம் ஆகாது.

செலவைப் பொறுத்தவரை, பெரும்பங்கு நைட்ரஜனுக்கே போகிறது. என்னதான் காப்பு செய்தாலும், தொட்டியில் சும்மா கிடந்தாலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே நாள் முழுக்க ஓடும் அளவுக்கு வேலை இருந்தால்தான் சொந்த இயந்திரம் கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் ஜாப் ஒர்க்காக வெளியே கொடுப்பது மேல். தண்ணீரோ ரசாயனமோ தேவையில்லை, வெளியேறும் வாயு காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பவை இதன் நற்குணங்கள். காற்றைத் திரவமாக்கச் செலவாகும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் பசுமைப் பேச்சைப் பேச வேண்டும்.

நைட்ரஜன் விஷமல்ல என்பது உண்மை. ஆனால் அந்த உண்மையே ஆளை ஏமாற்றும். ஒரு லிட்டர் திரவம் அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். நாலு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் உள்ள மூடிய அறையில் 10 லிட்டர் கசிந்து ஆவியானால், ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 17க்கு இறங்கிவிடும். 19.5க்குக் கீழே போனாலே ஆபத்து என்பது தொழில் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்ட எல்லை. குளிர்ந்த வாயு கனமானது என்பதால் தரையிலும் குழியிலும் தேங்கும். அங்கே நிலைமை இன்னும் மோசம். மூச்சுத் திணறுவதை உடல் உணர்வது கார்பன் டை ஆக்சைடு சேர்வதை வைத்துத்தான். நைட்ரஜனைச் சுவாசிக்கும்போது அது சேர்வதில்லை. வழக்கம்போல் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஆள் சுருண்டு விழுவார். 2021 ஜனவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கெய்ன்ஸ்வில் நகரக் கோழி இறைச்சி ஆலை ஒன்றில், உறைவிக்கும் இயந்திரத்திலிருந்து திரவ நைட்ரஜன் கசிந்து ஆறு பேர் இறந்தார்கள். முதலில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடவும் காப்பாற்றவும் உள்ளே போனவர்களும் அதில் அடக்கம். அந்த அறையில் ஆக்ஸிஜன் குறைவதைக் கண்டு ஒலிக்கும் கருவி இல்லை.

ரப்பர் ஆலை நடத்துபவர்களுக்கும், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் சொல்ல விரும்புவது இது. குளிர் இயந்திரம் வருவதற்கு முன்பே அந்த அறைக்கு ஆக்ஸிஜன் அளவி வந்துவிட வேண்டும். அதன் அலாரம் அறைக்கு வெளியிலும் கேட்க வேண்டும். வெளியேற்று விசிறியைத் தரை மட்டத்தில் வையுங்கள். இயந்திரத்தின் புகைவாயைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விடுங்கள். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால், மூச்சுக் கருவி அணியாமல் அவரைத் தூக்கப் போகக் கூடாது என்பதை, வேலைக்குச் சேரும் முதல் நாளே ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுங்கள்.